சதுரகிரி போகுமுன் ஒரு வார்த்தை

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதம் நம் குடியிருப்பிலிருந்து இருபத்தைந்து பேர் சதுரகிரி போகிறோம். எனக்குச் சொந்த ஊர் அந்த மலையடிவாரத்துக் கான்சாபுரம். அதனால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு, மகாராஜபுரம் வழியாகத் தாணிப்பாறை வரைதான் வண்டி போகும். அதற்கு மேல் சுந்தரமகாலிங்கம் கோயிலுக்குப் பத்து கிலோமீட்டர் அளவுக்கு நடைதான். ஏறும்போது அங்கங்கே நின்று திரும்பிப் பாருங்கள். கீழே தென்னந்தோப்பும் வயலும் கண்மாயும் விரிந்து கிடக்கும். மேலே மரக்கிளையில் சாம்பல் நிற மலை அணில் தாவினாலும் தாவும். 1988இல் இங்கே சரணாலயம் வந்ததே அந்த அணிலுக்காகத்தான். 2021 முதல் இது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம்.

இனி முக்கியமான விஷயம். பாதையில் ஓடைகளைக் கடக்க வேண்டும். மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை என்று பெயர்கள் வரும். சாதாரண நாளில் கணுக்கால் நனையும், அவ்வளவுதான்.

சின்ன வயதில் மாமாவோடு போயிருந்தேன். சங்கிலிப்பாறையில் நல்ல வெயில். பையன்கள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தோம். மாமா திடீரென்று, "டேய், எல்லாரும் மேட்டுக்கு ஏறுங்கடா!" என்று கத்தினார். தெளிந்த தண்ணீர் கலங்கிச் சருகு மிதந்து வந்ததை அவர் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நாங்கள் நின்ற பாறையே தெரியவில்லை. எங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு மழை இல்லை. மழை பெய்தது மலை உச்சியில்.

2015 மே மாதம் அதே மலையில் வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகுதான் கட்டுப்பாடு இறுகி, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் மட்டும் அனுமதி என்று பல வருடம் இருந்தது. நாளும் நேரமும் அவ்வப்போது மாறும். கிளம்புமுன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வோம்.

நாம் செய்ய வேண்டியது இதுதான். காலையிலேயே ஏறிவிடுவோம். ஓடைக்குள் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். தண்ணீர் நிறம் மாறினாலோ இரைச்சல் கூடினாலோ பையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்காமல் காத்திருங்கள். மழை விட்டால் மலை ஓடை சீக்கிரம் வடியும். இரவாகிவிட்டாலும் பரவாயில்லை. பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. "திரும்பிவிடலாம்" என்று நம்மில் யார் சொன்னாலும், அது சின்னப் பிள்ளையாகவே இருந்தாலும், கேலி செய்யாமல் எல்லோரும் திரும்ப வேண்டும். இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம்தான் ஆபத்து. பாதி வழியில் கும்பிட்டுத் திரும்பினால் மகாலிங்கம் கோபித்துக்கொள்ள மாட்டார். மலை அங்கேயேதான் இருக்கும். இன்னொரு நாள் போகலாம்.