கம்ப்யூட்டருக்கும் கைப்பேசிக்கும் வரும் ஆபத்துகள்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கம்ப்யூட்டருக்கு வரும் ஆபத்துகளைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பௌதிகம் படித்துவிட்டு சர்வீஸ் முழுவதும் ஃபைல்களோடு குடித்தனம் செய்தவன் நான். ஆகவே ஃபைல் பாஷையிலேயே சொல்கிறேன்.

2022 நவம்பர் 23-ஆம் தேதி டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. ‘ரான்சம்வேர்’ என்ற வகை இது. நம் வீட்டிற்கு வேறொருவன் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவிக்கு விலை பேசுவதைப் போன்றது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டப்பட்டன. நோயாளிகளின் பதிவு, அட்மிஷன், டிஸ்சார்ஜ் எல்லாம் சுமார் இரண்டு வாரம் பேனாவும் காகிதமுமாக நடந்தன. காப்பாற்றியது எது? தாக்குதலுக்குத் தப்பிய ஒரு பேக்-அப் சர்வர். நம் காலத்து ‘ஆபீஸ் காப்பி’தான், வேறொன்றுமில்லை!

வீட்டிலும் அப்படியே. பேரனின் உபநயன ஃபோட்டோக்கள், வீட்டுப் பத்திரங்களின் நகல்கள் முதலியவற்றைத் தனி ஹார்ட் டிஸ்கில் பதிவு செய்து, உடனே கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான்.

2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்பது 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவிற்று. அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ‘அப்டேட் செய்யவா?’ என்று மெஷின் கேட்கும்போது ‘அப்புறம்’ என்று அழுத்தியவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள்.

இனிக் கைப்பேசி. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வருகிறது. கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, ஒரு செயலி. அதை நிறுவி, கேட்கிற அனுமதியையெல்லாம் கொடுத்துவிட்டால், வங்கியிலிருந்து வரும் ஓடிபி நமக்குத் தெரியாமலே அவனுக்கும் போய்ச் சேரும். அனுப்பியவர் நம் மைத்துனரே ஆனாலும், அவர் ஃபோன் அவர் வசம் இருக்கிறதா என்று பேசித் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ‘டிஜிட்டல் அரெஸ்ட்’. பிள்ளைகள் வெளிநாட்டில், இங்கே இரண்டு பேர் மட்டும். போலீஸ் உடுப்பில் ஒருவன் வீடியோவில் வந்து, “உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல்; கேமராவை அணைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்” என்பான். பிறகு ‘சரிபார்ப்பதற்காக’ டெபாசிட்டை உடைத்து அனுப்பச் சொல்வான். நம் சட்டத்தில் வீடியோ மூலம் கைது என்பதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். இதில் மாட்டுகிறவர்கள் படிக்காதவர்கள் அல்ல. சர்க்கார் காகிதத்திற்கு ஆயுள் முழுவதும் மரியாதை கொடுத்துப் பழகிய நம்மைப் போன்றவர்கள்தான். முத்திரையைக் கண்டால் கை கூப்புகிறோம். அவனுக்கு அது போதும். “மாமியிடம் கூடச் சொல்லாதே” என்று எவன் சொன்னாலும், அந்த நிமிஷமே ஃபோனை வைத்துவிட்டு மாமியிடம் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் போனால் நிறுத்திவைக்க வழியுண்டு. பிள்ளை ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

காபிக்கு நேரமாகிவிட்டது. ஃபோனில் சந்தேகமான செயலி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர்கள் முன் வரிசைக்கு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம். பாஸ்வேர்டை மட்டும் என்னிடமும் சொல்ல வேண்டாம்.