உங்கள் மருத்துவக் குறிப்பு உங்கள் கையில் இருக்கட்டும்



கேரித் தீவில் வாழும் நீங்கள் சிகிச்சைக்காகப் பலமுறை பாலத்தைக் கடந்து போகிறீர்கள். காய்ச்சல், இருமலுக்கு ஒரு தனியார் கிளினிக். இனிப்பு நீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் அரசாங்க சுகாதார கிளினிக். அவசரம் என்றால் பந்திங் மருத்துவமனை. பெரிய சோதனைக்குக் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை. ஒவ்வோர் இடத்திலும் உங்களுக்கு ஒரு கோப்பு உண்டு. ஆனால், ஓர் இடத்துக் கோப்பு இன்னோர் இடத்து டாக்டரின் மேசைக்குத் தானாக வந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

அந்தக் காலத் தோட்டங்களில் டிரஸ்ஸருக்கு ஒவ்வொரு வீட்டின் நோயும் தெரியும். இன்று உங்களைப் பார்க்கும் டாக்டர் உங்களை முதல் முறையாகப் பார்ப்பவராக இருக்கலாம். எல்லா இடத்துக்கும் போகிறவர் நீங்கள் ஒருவர்தான். ஆகவே, முழு விவரமும் உங்களிடம் இருக்க வேண்டும்.

இது நம் சமூகத்துக்கு இன்னும் முக்கியம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இனிப்பு நீரோடு இரத்தக் கொதிப்பும் கொழுப்பும் சேரும்போது மருந்துகளும் கூடுகின்றன.

இங்கேதான் ஆபத்து. ஒரே மருந்து இரண்டு பெயரில் வரும். அம்லோடிபின் என்பதும் நோர்வாஸ்க் என்பதும் ஒன்றே. ஓர் இடத்தில் ஒன்றும், வேறோர் இடத்தில் மற்றொன்றும் வாங்கி இரண்டையும் சாப்பிட்டால், இரத்த அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்து தலை சுற்றும். விழுந்து எலும்பு முறியலாம். “வெள்ளை மாத்திரை, சின்னது” என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். அதில் இவற்றை எழுதுங்கள்:

1. அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், அடையாள அட்டை எண், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் தொலைபேசி எண். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அடையாள அட்டை எண் உங்களுக்கு மட்டுமே உரியது.

2. ஒத்துக்கொள்ளாத மருந்துகள். பெனிசிலின் போன்ற மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால், முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதுங்கள்.

3. உங்கள் நோய்கள், செய்த அறுவை சிகிச்சைகள், நடந்த ஆண்டு, இடம்.

4. சாப்பிடும் மருந்துகள்: பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை முறை. நாட்டு மருந்து, ஜாமு, சத்து மாத்திரை ஆகியவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள்.

5. சோதனை முடிவுகள்: தேதி, எண், அளவு. இங்கே இரத்தச் சர்க்கரையை மில்லிமோலில் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் மில்லிகிராமில் சொல்வார்கள். இங்கே 7 என்பது அங்கே 126. ஊருக்குப் போகும்போது அளவையும் சேர்த்து எழுதியிருந்தால் குழப்பம் வராது.

மருந்தின் பெயரை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். மருந்துப் பையில் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்து, ரூமி எழுத்தில் எழுதுங்கள். உங்களைப் பார்க்கும் டாக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். எழுத முடியாவிட்டால் பிள்ளைகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ கேளுங்கள், மருந்தகத்திலும் கேட்கலாம். சரியாகத் தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். டாக்டர் ஒரு மருந்தை நிறுத்தினால், அதைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள். பழைய பட்டியல் புதிய மருந்தைவிடக் கெடுதல் செய்யலாம்.

புத்தகத்தை அடையாள அட்டையோடு ஒரே பையில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். நீங்கள் மயங்கிக் கிடக்கும்போது உங்களுக்காகப் பேசப் போவது அந்தப் புத்தகம்தான். 999க்கு அழைத்தபின், ஆம்புலன்சில் வருபவரிடம் அதை எடுத்துக் கொடுக்கச் சொல்லி வையுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். மருந்தாளரிடம் காட்டி, “இதில் ஒரே மருந்து இரண்டு இருக்கிறதா?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.