குப்பி விளக்கின் ஒளியில்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



இலக்கிய நிகழ்ச்சியிலே பொறியியல் மாணவரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நமது ஈழத்து எழுத்தாளர்கள் கமக்காரனை எழுதினார்கள், கடற்றொழிலாளியை எழுதினார்கள், மலையகத் தோட்டத்து லயன் அறைகளையும் எழுதினார்கள். ஆனால் விரிவுரை மண்டபத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையே நான்கு ஆண்டுகளைக் கழிக்கின்ற பிள்ளையின் நாளாந்த வாழ்வு நம் எழுத்திலே அதிகம் இடம்பெறவில்லை. அந்த வாழ்வைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

நான் வாழும் பல்லேபொலைப் பகுதியிலே ஒரு பிள்ளை பொறியியற் பீடத்துக்குத் தெரிவாவது ஊர் முழுவதும் கொண்டாடும் செய்தியாகும். என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவனுக்கு அந்தப் பேறு கிட்டியது. தந்தையார் கடையொன்றிலே கணக்கெழுதுபவர். கோயிலில் அர்ச்சனை செய்து, சூட்கேஸ் ஒன்றைக் கடனுக்கு வாங்கி, மாத்தளை பஸ்ஸில் மகனை ஏற்றி அனுப்பினார். முதலாம் அரையாண்டு முடிந்து வந்தவன் நேரே என் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தான்.

"நான் திரும்பிப் போகல்ல சேர்" என்றான்.

காரணம் கேட்டேன். "தகைப்பு, விகாரம், திருப்பம் எல்லாம் தூக்கத்திலயும் சொல்லுவேன். அதையே அங்க இங்கிலீசில கேட்டா வாய் வரமாட்டேங்குது. விடை தெரிஞ்சிருந்தும் எழும்பி நின்னுட்டுப் பேசாம இருந்தேன் சேர். எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு நெனச்சிட்டாங்க."

நேயர்களே, அந்தச் சொற்கள் என்னைத் தைத்தன. தமிழிலே எல்லாம் உண்டு என்று மேடைதோறும் முழங்கியவன் நான். ஆங்கிலப் பாடவேளையைக் கூடத் தமிழ்த்தினப் போட்டி ஒத்திகைக்காகக் கேட்டு வாங்கியவன் நான். அவனுடைய மௌனத்தில் என் பங்கும் இருந்தது.

இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது கல்வி முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்தது. 1960களில் கலைத்துறைக் கல்வி சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறியது. பொறியியலும் மருத்துவமும் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டன. எனவே இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் தாய்மொழியிற் கற்றுத் தேறிய பிள்ளை, ஒரே பாய்ச்சலில் வேறொரு மொழிக்குள் விழுகிறான். தமிழ்ப் பிள்ளைக்கு மட்டுமன்று, சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கும் இதே கதிதான்.

அங்கே அவன் நாள் எப்படிக் கழிகிறது? காலை எட்டு மணிக்கு விரிவுரை. பிற்பகலில் ஆய்வுகூடம், அல்லது பொறியியல் வரைதல். மாலையில் செய்முறை அறிக்கை. அளவீடு ஒன்று பிழைத்தால் வரைபு பிழைக்கும். வரைபு பிழைத்தால் அறிக்கை திரும்பி வரும். முதலாண்டிற் பெறும் புள்ளிகளைக் கொண்டே குடிசாரா, இயந்திரமா, மின்னா என்று துறை தீர்மானிக்கப்படுவதால் முதலாண்டிலே தடுமாற இடமில்லை. மொழி தடுமாறுவதும் அந்த முதலாண்டிலேதான்!

இந்த இடத்திலேதான் 'குப்பி' வருகிறது. குப்பி என்றால் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட போத்தல் விளக்கு என்பது நாமறிந்ததே. பல்கலைக்கழகங்களிலோ, மூத்த மாணவர் இளையவரை இரவிலே கூட்டிவைத்துப் பாடம் விளக்குவதற்குக் குப்பி என்று பெயர். கட்டணம் இல்லை, வருகைப் பதிவு இல்லை. பகலில் ஆங்கிலத்திற் கேட்டது இரவில் தாய்மொழியில் விளங்குகிறது.

அந்த மூத்த மாணவரின் கை எப்போதும் விளக்கேந்திய கை அன்று என்பதையும் மறைக்கலாகாது. பேராதனைப் பொறியியற் பீட மாணவர் ஒருவர் 1997இல் பகிடிவதையினால் உயிரிழந்தார். மறு ஆண்டு பகிடிவதைத் தடைச் சட்டம் நிறைவேறியது. ஒரே விடுதியில் ஒரு கை தள்ளுகிறது. ஒரு கை தூக்குகிறது.

என் மாணவனைத் தந்தையார் வற்புறுத்தித் திருப்பி அனுப்பினார். அவனைத் தூக்கிவிட்டது ஒரு குப்பி. மூன்றாமாண்டுத் தமிழ் மாணவர் ஒருவர், "தகைப்பு உனக்குத் தெரியும்தானே? பெயரைத்தான் மாத்திச் சொல்றாங்க" என்று தொடங்கினாராம். அன்றிரவு அவன் கொப்பியிலே இரண்டு நிரல்கள் வரைந்தான்: ஒன்றிலே தமிழ்ச் சொல், மற்றதிலே ஆங்கிலச் சொல். மறு ஆண்டு அதே கொப்பியை வைத்துக்கொண்டு அவனே குப்பி நடத்தினான்.

இது நமக்குப் புதிய காரியமன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழிலே ஆக்கினார். பின்னர் 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டது. அந்தச் சொற்கள் இன்று உயிரோடு உலாவும் இடங்களில் ஒன்று குப்பி அறை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இத்தனை நெருக்கடிக்குள்ளும் இம்மாணவர்கள் இலக்கியத்தைக் கைவிட்டதில்லை. கட்டுபெத்தையில் 1960இல் தொழினுட்ப நிறுவனமாகத் தொடங்கி, 1972இல் பல்கலைக்கழக வளாகமாகி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்த இடத்திலே தமிழ்ச் சங்கம் வளர்ந்தது; 'நுட்பம்' என்ற இதழ் வெளிவந்தது. அங்கே பொறியியல் கற்ற க. பாலேந்திராதான் 1978இல் தமிழ் அவைக்காற்று கலைக் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர். பேராதனையில் இயந்திரப் பொறியியல் கற்பித்த சி. சிவசேகரம் நம் முதன்மைக் கவிஞருள் ஒருவர். பேராதனையிலே மகாவலிக்கு ஒரு கரையில் பொறியியற் பீடம், மறு கரையில் கலைப்பீடம். நடுவே பாலம் இருக்கிறது; நடப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆதலால் ஆசிரிய நண்பர்களை ஒன்று வேண்டுகிறேன். தமிழ்க் கலைச்சொல்லைக் கற்பிக்கும் அதே வேளையில் அதன் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்திலே எழுதுங்கள். தமிழ் அதனாற் குறைந்துவிடாது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆங்கில ஆசிரியையின் பாடவேளையைக் கேட்பதையும் நிறுத்திவிட்டேன்.

பொறியியல் பயிலும் பிள்ளைகளையும் வேண்டுகிறேன். உங்கள் இரவுகளை எழுதுங்கள். எழும்பி நின்று பேசாதிருந்த அந்தக் கணத்தை எழுதுங்கள். அது வேறெவராலும் எழுத முடியாத கதை.

என் மாணவன் இன்று பொறியியலாளன். சென்ற தைப்பொங்கலுக்கு வந்தபோது அந்த இரு நிரற் கொப்பியைப் பற்றிக் கேட்டேன். "இப்ப யார்கிட்ட இருக்குன்னு தெரியாது சேர். கைமாறிக் கைமாறிப் போயிருச்சு" என்றான். அவன் முகத்திலே வருத்தம் இல்லை.