காணுமுன் கேட்ட குரல்



இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே எழுந்துவிடுகிறார்கள். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் லயங்களிலிருந்து அவ்வேளையிற் புறப்படுவோருக்கு இருளில் எல்லா மரமும் ஒன்றே. ஆயினும் ஓடைப் பக்கம் எது, காட்டோரம் எது என்பதைக் காது சொல்லிவிடும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தக் காதின் வேலையைப் பற்றியே.

1995ஆம் ஆண்டு கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலைக் காட்டிலே, தீபால் வரகாகொட என்னும் பறவையியலறிஞர் ஒரு குரலைக் கேட்டார். குறுகிய, மெல்லிய, ஒற்றைக் கூவல். இலங்கைப் பறவைகளின் ஒலிகளைப் பதிவு செய்வதிலே தேர்ந்தவர் அவர். அவ்வாறிருந்தும், தாம் அறிந்த எந்தப் பறவையோடும் அக்குரல் பொருந்தவில்லை. குரல் உண்டு, குரலுக்குரியவரைக் காணோம்! ஆறாண்டு கழிந்து, 2001 ஜனவரியில், இரத்தினபுரி மாவட்டத்தின் தென்புறத்தை அணைந்து கிடக்கும் சிங்கராஜ வனத்திலே அது கண்ணுக்கு அகப்பட்டது. செந்நிறமான சிறிய ஆந்தை. ஒரு சாண் உயரமும் இல்லை. பமீலா ராஸ்முசன் என்னும் அறிஞருடன் சேர்ந்து 2004இல் அதனைப் புதிய இனமென்று அவர் உலகுக்கு அறிவித்தார். சிங்கராஜ வனத்தில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1970களிற் போராடிய திலோ ஹொப்மனின் பெயரே அதன் விஞ்ஞானப் பெயரில் விளங்குகிறது.

ஒருவர் இரவிரவாக விழித்துச் செய்த அவ்வேலையை இப்பொழுது கருவியிடம் ஒப்படைக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் பதிவுக்கருவி ஒன்றை மரத்திற் கட்டிவிட்டால், குறித்த வேளைகளில் அது தானே விழித்துப் பதிந்துகொள்ளும். கணினி அவ்வொலியைப் படமாக வரைகிறது. காலம் கிடையாகவும் சுருதி நெடுக்காகவும் அமையும். சுவர்க்கோழியின் கோடு மேலே, ஆந்தையின் கோடு கீழே என்று அவரவர்க்கு ஓரிடம் உண்டு. வௌவால்களிற் பல எழுப்பும் ஒலி வினாடிக்கு 20,000 அதிர்வுகளைத் தாண்டுவது. நம் செவிக்கு எட்டாத அதுவும் இப்படத்தில் தெரிகிறது.

இரத்தினபுரி மழையை மறந்துவிடலாகாது. இலைமேல் விழும் மழை எல்லாக் குரலையும் விழுங்கிவிடும். பத்துக் கூவல் பதிந்தால் பத்து ஆந்தை என்றும் கொள்ளலாகாது; ஒன்றே பத்து முறை கூவியிருக்கலாம். ஒருநாட் பதிவினால் ஆவது சிறிதே. ஒரே இடத்தில், ஒரே மாதத்தில், ஆண்டுதோறும் பதிந்து ஒப்பிட்டால்தான் எது குறைந்தது என்று தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இத்தீவிற் பிடித்துப் போத்தலில் இட்ட மரத்தவளை இனங்களுள் பத்துக்கு மேற்பட்டவை அழிந்துபோயின. உடல்கள் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவை எப்படிக் கத்தின? பதிந்து வைத்தவர் எவருமில்லை.

தேயிலையும் இறப்பரும் வந்தபின் இப்பகுதிக் காடு துண்டு துண்டாயிற்று. எஞ்சிய துண்டுகளின் ஓரத்தில் வாழ்கிறவர்கள் தோட்டத்து மக்களே. "இந்த ஓடையில முந்தி ராவெல்லாம் தவளை கத்தும், இப்ப இல்லை" என்று முதியவர் ஒருவர் சொன்னால், எந்த ஓடை, எந்த மாதம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி வைத்திருப்போர் இன்றிரவே அவ்வோடைக் கரையிற் சில நிமிடம் பதிந்து, நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதத்தில் அவ்விடத்துக்கே திரும்பிச் செல்லுங்கள்.