புதுக் காருக்குக் கடிவாளம் வேண்டுமா?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



குறித்த வேகத்துக்கு மேல் ஓடவொட்டாது தடுக்கும் கருவியைப் புதிய மோட்டார்க் கார்களில், அவற்றைச் செய்யும்போதே பொருத்திவிட வேண்டுமா என்பது இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். சமயமும் கல்வியும் பேசும் மேடையில் காருக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் நினைத்தல் கூடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. புதுக் கார்கள் எமது ஒழுங்கைகள் வரை வந்துவிட்டன. அவற்றை ஓட்டப்போகிறவர்கள் இம்மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கிறார்கள். அவற்றுக்கு முன்னால் வீதியைக் கடக்கப்போகிறவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆதலால் இது இரு வரிசைக்கும் உரிய பொருளே.

இயந்திரத்துக்குக் கடிவாளம் இடுதல் புதிய எண்ணம் அன்று. ஜேம்ஸ் வாட் என்பார் 1788ஆம் ஆண்டிலேயே தமது நீராவி இயந்திரத்துக்குச் சுழலும் இரு குண்டுகள் கொண்ட கருவியொன்றைப் பூட்டினார். இயந்திரம் விரைந்தால் குண்டுகள் விரிந்து உயரும். நீராவி வரும் வழி சுருங்கும். எங்கள் வெங்காயத் தோட்டங்களில் நீர் இறைக்கும் இயந்திரத்திலும் அதன் வழிவந்த கவணர் உண்டு. அதைக் கழற்றி எறிந்துவிட்டு இயந்திரத்தைச் சுதந்திரமாக ஓடவிடு என்று எந்தத் தோட்டக்காரனும் சொன்னதில்லை. சொன்னால் இயந்திரம் அன்றே வெடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

எமது பெரியோர் ஓட்டிய ஒஸ்ரின் ஏ-40 காருக்குக் கவணர் தேவைப்படவில்லை. எஞ்சினே அதற்குக் கடிவாளம். றோட்டுப் பள்ளங்கள் இரண்டாவது கடிவாளம். தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் புகை கக்கியபடி ஓடிய அக்கார்களை நாம் மறந்துவிடவில்லை. அவை பிழைத்திருந்ததே பெரிது; விரைவைப் பற்றி எவர் பேசினார்? போர் முடிந்த பின் ஏ-9 வீதியும் காங்கேசன்துறை வீதியும் பலாலி வீதியும் காபற் இடப்பட்டன. பள்ளம் போயிற்று, எஞ்சினும் மாறிற்று. இரண்டு கடிவாளமும் ஒருங்கே அறுந்தன.

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிட வேண்டும். ஜப்பானியக் கம்பெனிகள் தம் நாட்டில் விற்கும் கார்களுக்குத் தாமாகவே ஓர் எல்லை வகுத்துக்கொண்டுள்ளன. சாதாரணக் கார் மணிக்கு 180 கிலோமீற்றருக்கு மேல் ஓடாது; கெய் எனப்படும் சிறு கார் 140க்கு மேல் ஓடாது. அங்கிருந்து இங்கு வந்து எமது தெருவில் நிற்கும் சின்ன வாகன் ஆர் காரிலும் அக்கடிவாளம் இருத்தல் கூடும். உடையவருக்கு அது தெரியாது. எப்படித் தெரியும்? இலங்கைச் சட்டம் காருக்குக் கொடுத்திருப்பது ஊர்மனைக்குள் 50, வெளியே 70. (மைலில் எண்ணும் பெரியோருக்கு: ஏறக்குறைய 31, 43.) 140இல் இறுகும் கடிவாளம், 50இல் போக வேண்டிய கொக்குவிலில் என்ன காரியம் செய்யும்?

ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இருபதுதானே வித்தியாசம் என்பார்கள். கணக்குத் தெரிந்த மாணவர் சற்றுக் கேட்க வேண்டும். மோதும் வலு வேகத்தோடு ஏறுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஐம்பதின் வர்க்கம் 2,500. எழுபதின் வர்க்கம் 4,900. ஏறத்தாழ இரட்டிப்பு. இனி நிறுத்தும் தூரத்தைப் பார்ப்போம். குறுக்கே ஒரு பிள்ளை ஓடுகிறது என்று கண்டு, கால் பிறேக்கை மிதிக்க ஒரு வினாடி செல்கிறது என்று கொள்வோம். 50இல் வரும் கார் அந்த ஒரு வினாடியில் 14 மீற்றர் ஓடிவிடும். காய்ந்த வீதியில், நல்ல பிறேக்கில், மேலும் 14 மீற்றர் ஓடி நிற்கும். ஆக 28 மீற்றர். 70இல் வரும் கார் நிற்க 46 மீற்றருக்கு மேல் வேண்டும். இதனிலும் கொடியது ஒன்றுண்டு: 50இல் வந்த கார் முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தில், 70இல் வந்த கார் இன்னும் 55க்கு மேற்பட்ட வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒன்று பிள்ளையின் முன் நிற்கிறது. மற்றது பிள்ளையை அடித்து வீழ்த்துகிறது. அந்த இருபதின் விலை இதுதான்.

இவ்விலை கொடுத்து வாங்குவது யாது? சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு ஏறக்குறைய 16 கிலோமீற்றர். 60இல் வந்தால் பதினாறு நிமிடம். 80இல் வந்தால் பன்னிரண்டு. மிச்சம் நாலு நிமிடம். தேநீர்க் கடையில் நாம் கழிப்பது அதனிலும் அதிகம். 2016 டிசெம்பரில் அதே வீதியில், சங்கத்தானையில், வானும் பஸ்ஸும் மோதிப் பத்துப் பேரளவில் மாண்டனர். அதன் காரணத்தை ஆராய நாம் இங்கு வரவில்லை. ஆனால் இத்தீவில் ஆண்டுதோறும் இரண்டாயிரம் பேருக்கு மேல் வீதியில் உயிர் விடுகின்றனர் என்பதை அறிந்துகொண்டு, நாலு நிமிடத்தைப் பெரிதாகப் பேசுவது எப்படி?

எதிர்வாதங்களுள் ஒன்றை நாம் மதிக்கிறோம். அடக்கம் உள்ளிருந்து வர வேண்டியது. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இயந்திரம் கட்டிப்போட்டதால் அடங்கியவன் அடங்கியவன் ஆவானா என்பது அது. ஆகான் என்றே நாமும் சொல்வோம். கார்க்கருவியால் எவரும் சான்றோர் ஆகப்போவதில்லை. ஆனால் வாலிபன் ஒருவன் அடக்கத்தைக் கற்று முடிக்கப் பல ஆண்டுகள் செல்லும். அவன் கற்றுக்கொண்டிருக்கும் அத்தனை ஆண்டும், சந்நிதிக்கு நடந்து போகும் கிழவியார் அதே வீதியின் ஓரத்தில்தான் நடக்க வேண்டும். அவனுடைய பயிற்சிக்கு அவர் ஏன் பணயமாக வேண்டும்?

இவ்வழக்கு நூறாண்டுப் பழமை உடையது. 1923இல் அமெரிக்காவின் சின்சினாற்றி நகரத்தார் 42,000 பேர், எல்லாக் கார்களையும் மணிக்கு 25 மைலில் கட்டும் கருவி வேண்டும் என்று கையொப்பம் இட்டனர். கார் வணிகர் திரண்டு எதிர்த்தனர். வாக்கெடுப்பில் யோசனை தோற்றது. இந்தியா 2015இல் வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வாகனங்கள் பலவற்றுக்கு 80 என்று எல்லை கட்டியது. சொந்தக் கார்களை விட்டுவிட்டது. 2019 யூலை முதல் புதுக் கார்கள் 80ஐத் தாண்டினால் ஒலி எழுப்ப வேண்டும் என்ற அளவோடு நின்றது. ஐரோப்பிய ஒன்றியமோ 2024 யூலை முதல் விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும், வீதிப் பலகையைக் கமராவால் வாசித்தோ வரைபடத்தைப் பார்த்தோ எல்லையை உணர்த்தும் கருவி இருக்க வேண்டும் என்று விதித்துள்ளது. அது ஓட்டுபவனை எச்சரிக்கும், அல்லது வேகத்தைத் தானே தணிக்கும். அவன் வலிந்து மிதித்தால் விட்டுக்கொடுக்கும். முந்திச் செல்லும்போது ஆபத்தில் மாட்டிவிடுமே என்பார்க்கு அதுவே விடை. நோயாளர் வண்டிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் விலக்கு அளித்தல் எளிது. இந்தியா அளித்தே இருக்கிறது.

ஆகவே எமது முடிவு இது. போட்டிக்கு ஓடும் மினிபஸ்ஸுக்கும் லொறிக்கும் மீறவொண்ணாத கடிவாளம் வேண்டும். அதில் தாட்சணியம் கூடாது. இறக்குமதியாகும் புதுக் கார்களுக்கு ஐரோப்பிய முறைக் கருவி வேண்டும். அதற்கு முன் ஒரு காரியம் உண்டு. பலகையை வாசிக்கும் கமரா வந்தாலும் வாசிக்கப் பலகை எங்கே? உங்கள் பள்ளிக்கூட வாசலில் 50 என்றோ 40 என்றோ எழுதிய பலகையைக் கடைசியாக எப்போது கண்டீர்கள்? பலகை இல்லாத வீதியில் ஐரோப்பியக் கருவியும் குருடே.

மோட்டார் சைக்கிளை மறந்துவிட்டீர்கள் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. மறக்கவில்லை. வீதியில் மாள்வோரில் பெரும்பங்கினர் மோட்டார் சைக்கிளில் செல்வோரும் நடந்து செல்வோருமே. காருக்குச் சொன்ன கருவி நடப்பவருக்கு உதவும். மோட்டார் சைக்கிளில் ஏறிய தம்பியின் கையை அது பிடிக்காது. அவருக்குத் தலைக்கவசமும் தாயாரின் கண்டிப்புமே இப்போதைக்கு உள்ளன.

பலகை இல்லாத பள்ளிக்கூட வீதிகளின் பட்டியல் எழுதுவதற்குச் செயலாளர் ஒரு கொப்பி வைத்திருக்கிறார். அவரவர் ஊர் வீதியின் பெயரை அதில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். அதைச் சேர்த்துப் பிரதேச சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும் அனுப்புவோம்.