சென்னை வெயில்ல ஒரு ஃபிலிம் ரோல்

ஸ்கேன்ல அழகா இருக்கிற நெகட்டிவ் பிரிண்ட்லயும் அப்படியே வரும்னு நம்பாதீங்க. கம்ப்யூட்டர்ல கான்ட்ராஸ்டை இழுத்துச் சமாளிக்கலாம், பேப்பர் அவ்வளவு இடம் கொடுக்காது. அதனாலதான் வீட்டுலயே டெவலப் பண்றேன்.

இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், ஐடி-11 டெவலப்பர், 1+1 கலவை: 20 டிகிரியில 13 நிமிஷம். மே மாசம் நம்ம குழாய்த் தண்ணியே 30 டிகிரி! அந்தச் சூட்டுல நேரம் ரொம்பச் சுருங்கும், டெவலப் ஆகுறதும் திட்டுத்திட்டா போகும். ஐஸ் போட்ட பக்கெட்ல பாட்டிலை நிக்கவெச்சு 24-க்கு இறக்குவேன், சுமார் 9 நிமிஷம். ஐஸை டெவலப்பருக்குள்ள போட்டுடாதீங்க, கலவை நீர்த்துடும்.

இந்த வாரம் பாட்டியோட ரோல். மாநிற முகம், வெள்ளைப் புடவை. முகத்துக்கு வேண்டிய வெளிச்சத்தை எடுக்கும்போதே தாராளமா கொடுத்துட்டேன். புடவை மடிப்பு வெளுத்துப் போகாம இருக்க 8 நிமிஷத்துலயே நிறுத்தப்போறேன். பாட்டி இப்ப இல்ல, திரும்ப எடுக்க வழியில்ல. அதனால முதல்ல அதே ஃபிலிம்ல மொட்டைமாடித் துணிக்கொடியை எடுத்து, ஒரு ரோல் சோதனை.