கொரம்ஷஹருக்குப் பிறகு ஆறே கால் ஆண்டு

என்னை அறிமுகப்படுத்திய துறைத் தலைவர், நான் ஈரான்–இராக் போரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருவதாகச் சொன்னார். அதில் முதல் எட்டு ஆண்டுகளைத் தயவுசெய்து கழித்துக்கொள்ளுங்கள். அப்போது என்னிடம் இருந்தவை ஒரு பள்ளிக்கூட அட்லஸும் ஒரு பென்சிலும்தான்.

1980 செப்டம்பரில் நான் பத்தாம் வகுப்பு. இரவில் லண்டன் தமிழோசையில் ஊர்ப் பெயர்களைக் காதில் வாங்கி, காலையில் வாசகசாலை நாளிதழில் சரிபார்த்து, இராக் படை எதுவரை வந்திருக்கிறது என்று அட்லஸில் கோடு போடுவேன். அதில் அபாதான் இருந்தது, கொரம்ஷஹர் இல்லை. அபாதானுக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வைத்துப் பெயரை நானே எழுதிக்கொண்டேன். 1982 மே 24 அன்று அந்தப் புள்ளி மறுபடியும் ஈரான் கைக்கு வந்தது. கோட்டை ரப்பரால் அழித்தேன். அச்சடித்த எல்லைக்கோடு அடியில் அப்படியே இருந்தது. போர் முடிந்தது என்று நினைத்து அட்லஸை அலமாரியில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் ஆறே கால் ஆண்டு சண்டை நடந்தது.

இந்தத் தலைமை உரை அந்த ஆறே கால் ஆண்டைப் பற்றியது. முதல் இருபது மாதப் போருக்கு வரைபடம் போதும். மிச்சத்துக்கு அது போதாது என்பது என் வாதம்.

இந்தப் போரில் எதைத் தொட்டாலும் இரண்டு பெயர். ஈரானில் இது ‘புனிதப் பாதுகாப்பு’, ‘திணிக்கப்பட்ட போர்’. இராக் அதிபர் சதாம் உசேன் இதற்கு ‘காதிசிய்யா’ என்று பெயர் வைத்தார். ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படை பாரசீகப் பேரரசை முறியடித்த களத்தின் பெயர் அது. தொடங்கிய நாளும் இரண்டு. ஈரானியர் 1980 செப்டம்பர் 22 என்பார்கள். எல்லை ஊர்கள் மீது ஈரான் பீரங்கி சுட்ட செப்டம்பர் 4-ஐ இராக் சொல்லும். சண்டைக்குக் காரணமான ஆற்றுக்கும் அப்படியே: இராக்கியருக்கு ஷத் அல்-அரப், ஈரானியருக்கு அர்வந்த் ரூத். நான் பழக்கத்தால் ஷத் அல்-அரப் என்றே சொல்லப்போகிறேன். அதில் பக்கச்சார்பு தேடவேண்டாம்.

அந்த ஆற்றைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். டைக்ரிஸும் யூஃப்ரடீஸும் குர்னா என்ற இடத்தில் கூடி, சுமார் 200 கி.மீ. ஓடிக் கடலில் விழுகின்றன. கொரம்ஷஹர் அருகே ஈரானின் காருன் ஆறும் வந்து சேர்கிறது. நாளுக்கு இருமுறை வளைகுடாவில் ஓதம் ஏறும்போது ஆற்றின் நன்னீர் பின்னோக்கித் தள்ளப்பட்டு வாய்க்கால்களில் புகும். வற்றும்போது தானாகவே இறங்கிவிடும். கவலை, ஏற்றம் எதுவும் இல்லாமல் இரு கரைப் பேரீச்சந்தோப்புகளும் நூற்றாண்டுகளாக இப்படித்தான் தண்ணீர் குடித்தன. தோப்புக்காரனுக்கு எல்லை எங்கே ஓடுகிறது என்பது ஒரு பொருட்டில்லை, ஓதம் எப்போது ஏறும் என்பதே கணக்கு.

எல்லைதான் அரசுகளுக்குத் தலைவலி. 1937 ஒப்பந்தப்படி, அபாதான் போன்ற சில இடங்கள் தவிர, ஆறு முழுவதும் இராக்குக்கு. எல்லை ஈரானின் கரையோரத்தில். நம்மூர் வரப்புத் தகராறு தெரிந்தவர்களுக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்பது புரியும். 1969-இல் ஈரான் மன்னர் ஷா அந்த ஒப்பந்தத்தை உதறினார். 1975 மார்ச்சில் அல்ஜியர்ஸில் ஷாவும் அன்று துணைத் தலைவராக இருந்த சதாமும் கைகுலுக்கினார்கள். ஆற்றின் ஆழமான ஓடுதடத்தின் வழியே எல்லை போகும். அதற்கு ஈடாக இராக்கின் குர்துக் கிளர்ச்சிக்குத் தரும் உதவியை ஷா நிறுத்துவார். நிறுத்தினார், கிளர்ச்சி நொடித்துப்போனது. சதாமுக்கு அது லாபமான பேரம். ஆனால் பாதி ஆற்றைக் கொடுத்துவிட்டு வந்தவர் என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. 1979-இல் ஷா ஓடினார். ஈரானின் படைத் தலைமையைப் புரட்சி கலைத்துப்போட்டது. ஷியா பெரும்பான்மை கொண்ட இராக்கில் அப்புரட்சி பற்றிக்கொள்ளும் என்ற பயமும், இதுதான் சமயம் என்ற ஆசையும் ஒன்றாகச் சேர்ந்தன. 1980 செப்டம்பர் 17 அன்று அல்ஜியர்ஸ் ஒப்பந்தம் செல்லாது என்றார் சதாம். ஐந்தாம் நாள் படையெடுப்பு.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதற்கென்றே நாளை ஓர் அமர்வு இருக்கிறது. ஈரானின் விமானத்தளங்கள் மீது நடந்த முதல் தாக்குதல் பிசுபிசுத்தது. மறுநாளே ஈரான் விமானங்கள் இராக்கின் மேல் பறந்தன. கொரம்ஷஹரைப் பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்தத் தெருச்சண்டைக்குப் பிறகு ஈரானியர் அதைக் ‘கூனின்ஷஹர்’, இரத்த நகரம் என்றார்கள். அபாதான் முற்றுகையிடப்பட்டும் விழவில்லை. 1981 செப்டம்பரில் முற்றுகை உடைந்தது. அடுத்த எட்டு மாதத்தில் பொஸ்தான், டெஸ்ஃபுலின் மேற்குப் பகுதி, கடைசியில் கொரம்ஷஹர் என்று இராக் படிப்படியாகப் பின்வாங்கியது.

இப்போது 1982 ஜூன். என் கணிப்பில் இந்தப் போரின் அச்சாணி இதுதான்; மற்ற எல்லாம் இதைச் சுற்றியே நிற்கின்றன. ஜூன் 6-இல் இஸ்ரேல் லெபனானுக்குள் புகுந்தது. அதையே சாக்காக வைத்துச் சதாம் தம் படைகளை ஈரான் மண்ணிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். ஜூலை 12-இல் போர்நிறுத்தமும் படைவிலகலும் கோரி ஐ.நா. பாதுகாப்பு அவை 514-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. மறுநாள் ஈரான் படைகள் எல்லையைத் தாண்டிப் பஸ்ராவை நோக்கிப் புறப்பட்டன.

ஏன் தாண்டினார்கள்? ‘மதவெறி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் கட்டுரைகள் இந்தக் கருத்தரங்குக்கும் வந்திருக்கின்றன. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஈரானின் புரட்சித் தலைவர் கொமேனியே முதலில் தயங்கினார் என்று அவருக்கு நெருக்கமானவர்கள் பிற்காலத்தில் பதிவுசெய்திருக்கிறார்கள். தளபதிகளின் வாதம் படைத்துறை சார்ந்தது: எல்லைக்கோட்டில் இயற்கை அரண் எதுவும் இல்லை, இங்கேயே நின்றால் சதாம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி வருவார். அரசியல் மனக்குறையும் இருந்தது. 1980 செப்டம்பர் 28-இல் வந்த ஐ.நா.வின் முதல் தீர்மானம் சண்டையை நிறுத்தச் சொன்னதே தவிர, படையெடுத்தவனைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. வீட்டுக்குள் ஆள் புகுந்து உட்கார்ந்திருக்கும்போது இருவரும் அமைதியாக இருங்கள் என்ற பஞ்சாயத்து அது. அந்த அவை கொடுக்கும் உத்தரவாதத்தை நம்பி நிற்க ஈரானுக்கு மனம் வரவில்லை. ஆகவே மூன்று கேட்டார்கள்: தாக்கியவன் யார் என்று உலகம் சொல்லவேண்டும்; இழப்பீடு வேண்டும்; சதாம் போகவேண்டும்.

நியாயமான கோரிக்கைகள்தாம். ஆனால் அவற்றைப் படைபலத்தால் பெறமுடியும் என்ற கணக்கு தப்பு. பஸ்ராவுக்குக் கிழக்கே இராக் நிலத்தை நீரில் மூழ்கடித்து ‘மீன் ஏரி’ என்ற அகழியை வைத்திருந்தது. அதற்குப் பின்னே மண்கரைகள், கண்ணிவெடிகள், புதைத்த டாங்குகள். ஈரான் மண்ணில் தோற்று ஓடிய இராக்கிய சிப்பாய், சொந்த ஊரைக் காக்கும்போது வேறு ஆளாக நின்றான். ஈரானின் ஷியாக்களுக்காக இராக்கின் ஷியாக்கள் எழுவார்கள் என்பதும் நடக்கவில்லை. ஈரானின் குசெஸ்தான் மாகாணத்தில் சதாம் எதிர்பார்த்த அரபுக் கிளர்ச்சி நடக்காததைப் போலவே.

இதற்குப் பிறகுதான் என் அட்லஸுக்கு வேலையில்லாமல் போனது. 1984-இல் ஈரானியர் ஹவீஸா சதுப்புநிலத்தைப் படகுகளில் கடந்து மஜ்னூன் தீவுகளைப் பிடித்தார்கள், பத்துக் கி.மீ.க்கும் நீண்ட மிதவைப் பாலம் ஒன்றை நாணல்களுக்கு நடுவே போட்டார்கள். அட்லஸில் அது பென்சில் முனை அகலம்கூட இல்லை. 1986 பிப்ரவரியில் இராக்கின் ஃபாவ் தீபகற்பத்தைப் பிடித்த இரவு இன்னும் வியப்பானது. மாதக்கணக்கில் ஆற்றங்கரை நாணலில் படுத்து ஓதத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்திருக்கிறார்கள். ஓட்டம் திரும்பும் அந்தச் சிறு இடைவெளியில், மழையிருட்டில், முக்குளிப்பவர்கள் மறுகரைக்கு நீந்தினார்கள். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிய கணக்கு இப்போது ஆளைக் கொல்லும் கணக்காயிற்று. அந்தத் தோப்புகளோ, இரு கரையிலும் தலையறுந்த கட்டைகளாக நின்றன.

அப்படியானால் போர் எங்கே நகர்ந்துகொண்டிருந்தது? பெரும்பாலும் கடலில், விண்ணில், விலைப்பட்டியலில். எங்கள் தெருவில் ஒருவர் குவைத்தில் வேலை பார்த்தார். கடிதத்தில் போரைப் பற்றி எழுதமாட்டார். ‘சரக்குக் கப்பல் தாமதம், வெங்காயம் கிடைக்கவில்லை’ என்பார். அந்த வரிதான் போரின் போக்கைக் காட்டியது என்பது எனக்குப் பிறகே உறைத்தது. போர் தொடங்கியபோது ஷத் அல்-அரபில் சிக்கிய எழுபது கப்பல்கள் அங்கேயே துருப்பிடித்தன. 1984-க்குப் பிறகு எண்ணெய்க் கப்பல்களே இலக்கு. 500-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டன. கர்க் தீவில் ஏற்றுவது ஆபத்தாகிவிட, ஈரான் எண்ணெயைத் தெற்கே லாரக் தீவுவரை கப்பல்களில் கொண்டுபோய் விற்றது. இத்தனைக்கும் எண்ணெய் விலை ஏறவில்லை. சவூதி அரேபியா உற்பத்தியைக் கூட்ட, 1986-இல் பீப்பாய் 10 டாலர் அளவுக்குச் சரிந்தது. ஃபாவ் வெற்றியைக் கொண்டாடிய அதே ஆண்டில் ஈரானின் கஜானா வற்றியது. எந்தப் போர்முனை வரைபடத்திலும் இது வராது.

இராக்குக்கு அந்தக் கவலை குறைவு. வளைகுடா அரசுகள் கடன் கொடுத்தன, சோவியத்தும் பிரான்சும் ஆயுதம் கொடுத்தன, அமெரிக்கா உளவுத் தகவல் கொடுத்தது. அதே அமெரிக்கா கமுக்கமாக ஈரானுக்கும் ஏவுகணை விற்றது 1986 நவம்பரில் அம்பலமானது. இராக் இரசாயன ஆயுதமும் வீசியது. அது பயன்படுத்தப்பட்டதை ஐ.நா. நிபுணர் குழு 1984 மார்ச்சிலேயே எழுத்தில் உறுதிசெய்துவிட்டது: கடுகு வாயு, டாபுன். எழுதி வைத்ததோடு சரி. 1987 ஜூனில் ஈரானின் சர்தஷ்த் நகரத்து வீதிகளில் அது விழுந்தது. 1988 மார்ச் 16-இல் இராக்கின் சொந்தக் குடிகள் வாழ்ந்த ஹலப்ஜாவில் விழுந்தது. சுமார் 5,000 பேர். இந்த வரிசையைத் தேதி வாரியாக வைத்துப் படிப்பவருக்கு ஹலப்ஜா திடீரென்று நிகழ்ந்ததாகத் தோன்றாது.

முடிவும் களத்தில் மட்டும் வந்ததல்ல. 1988-இல் டெஹ்ரான் மேல் ஏவுகணைகள் விழுந்தன, மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டுப் போனார்கள். ஏப்ரலில் ஃபாவ் கைவிட்டுப் போனது. ஜூலை 3-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் சுட்டதில் ஈரான் பயணிகள் விமானத்தில் இருந்த 290 பேரும் இறந்தார்கள். அவர்களில் இந்தியர் பத்துப் பேர். இரண்டு வாரத்தில் ஈரான் போர்நிறுத்தம் கோரும் ஐ.நா.வின் 598-ஆம் தீர்மானத்தை ஏற்றது. ஓர் ஆண்டாக மேசையில் கிடந்த தீர்மானம்தான் அது. நஞ்சுக் கோப்பையைக் குடிப்பதற்கு அதை ஒப்பிட்டார் கொமேனி. ஆகஸ்ட் 20-இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

அந்த மூன்று கோரிக்கைகள் என்னவாயின? இழப்பீடு கிடைக்கவில்லை. சதாமை 2003-இல் வேறொருவர் அகற்றினார். தாக்கியவர் யார் என்பதை ஐ.நா. பொதுச்செயலர் பெரெஸ் டி குயெயர் 1991 டிசம்பரில் தம் அறிக்கையில் எழுதினார்: 1980 செப்டம்பர் 22 தாக்குதலுக்கு நியாயம் கற்பிக்க முடியாது என்று. சோவியத் ஒன்றியம் கலைந்துகொண்டிருந்த மாதம் அது, யார் படித்தார்கள்? ஆறு என்ன ஆனது என்றும் கேட்கலாம். 1990 ஆகஸ்டில் குவைத்தைப் பிடித்து மாட்டிக்கொண்ட சதாம், ஈரான் அதிபர் ரஃப்சஞ்சானிக்கு எழுதிய கடிதத்தில் 1975 ஒப்பந்தத்தையே மீண்டும் ஏற்றார். அப்போது பஸ்ராவின் ஆற்றங்கரையில், போரில் இறந்த இராக்கிய அதிகாரிகளின் வெண்கலச் சிலைகள் வரிசையாக நின்று ஈரானை நோக்கி விரல் நீட்டிக்கொண்டிருந்தன.

ஆய்வாளர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் போர் நமக்குக் கேசட்டுகளாகவும் கிடைத்திருக்கிறது. சதாம் தம் கூட்டங்களை ஒலிப்பதிவு செய்து வைத்தார். 2003-க்குப் பின் அமெரிக்கர் அள்ளிக்கொண்டுபோன அந்த நாடாக்களிலிருந்தும் ஆவணங்களிலிருந்தும் நூல்கள் வந்துவிட்டன. ஈரானின் புரட்சிக் காவலர் படையும் ‘ராவி’ எனப்படும் பதிவாளர்களை ரெக்கார்டருடன் தளபதிகள் பக்கத்திலேயே உட்காரவைத்தது. ஒரே நாளின் ஒரே சண்டையை இரு பக்க அறைகளிலிருந்தும் கேட்கும் வாய்ப்பு வேறெந்தப் போருக்கு எளிதில் அமையும்? ஆனால் நம் கட்டுரைகள் இன்னும் ஆங்கில நூல்களையே மேற்கோள் காட்டுகின்றன. பாரசீகமும் அரபும் தெரிந்த இருவராவது நம்மிடமிருந்து வரவேண்டும் என்பது என் பழைய புலம்பல்.

கடைசியாக, மறுபடியும் அந்த ஆற்றுக்கே வருகிறேன். 2015-இல் இராக் எல்லையிலிருந்து 175 முக்குளிப்பவர்களின் எச்சங்கள் ஈரானுக்கு வந்தன. 1986 டிசம்பரில் ஷத் அல்-அரபைக் கடக்கப்போய்க் காணாமல் போனவர்கள். பலருடைய கைகள் கட்டப்பட்டிருந்தன என்று ஈரான் தெரிவித்தது. டெஹ்ரானில் சவப்பெட்டிகளைச் சுற்றி நின்ற கூட்டத்தில், இருபத்தெட்டு ஆண்டுகளாகக் காத்திருந்த தாய்மாரும் இருந்தார்கள்.

முதல் அமர்வு அந்த ஆற்றைப் பற்றியது. கட்டுரைக்கு இருபது நிமிடம், கேள்விக்குப் பத்து. வரைபடம் காட்டுபவர்கள் அதன் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.